அம்மா தேய்த்த எண்

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் தந்தை. தொழிலால் வழக்குரைஞன், பிறர் கையெழுத்துக்குச் சான்றளித்தே தலை நரைத்தவன். தெளிந்த மனத்துடன், சொந்த விருப்பத்தின் பேரில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் உன் அம்மா பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைப்பதைத் தவிர வேறு நிர்ப்பந்தம் எதுவும் என்மேல் இல்லை.

2. இதில் 'வண்டி' என்று வரும் இடமெல்லாம், நீ சென்ற விடுமுறையில் வாங்கி, பிரித்துப்போட்டு, நம் கொட்டகையில் விட்டுச்சென்ற பழைய பச்சைக் காரைக் குறிக்கும். உன் அம்மா அதற்குப் 'பட்டாணி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

3. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுவேன். இரண்டையும் கலக்க மாட்டேன். நீயும் முழுவதையும் படித்து முடித்த பிறகே தொலைபேசியைக் கையில் எடுக்க வேண்டும்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் உடலுக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம், இந்தக் கடிதம் முடியும்வரை அந்த விருப்பத்தில் மாற்றம் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் சில பக்கங்களில் உனக்கு அந்தச் சந்தேகம் வரக்கூடும். மாமாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரிப்பதற்கு முன்பே செய்தித்தாள் கேட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினார் என்பதால் பழைய மாமாவாகவே வீடு திரும்பியிருக்கிறார் என்று கொள்ளலாம். மாடித் தொட்டியின் கசிவை அடைத்தாயிற்று. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. நற்செய்திகள் இத்துடன் முடிந்தன. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். பரீட்சை நாளில் தூங்கிப்போனாயே, என்னைக் கேட்காமல் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டாயே, அப்போதெல்லாம் வந்த கோபம் சாப்பாட்டு நேரத்துக்குள் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பேச்சை மாற்றி அங்கே குளிர் எப்படி என்று கேட்பேன், இதுதான் நம் வழக்கம். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது, ஆகவே காகிதம்.

நடந்ததை வரிசையாக எடுத்துக்கொள்வோம். நீ பல் மருத்துவர். கார் உனக்கு ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியாது. விடுமுறைக்கு வந்த இடத்தில், ஓய்வுபெற்ற ஒரு ரசாயன வாத்தியாரின் வீட்டுப் பின்புறத்தில் கோழிகள் குடியிருந்த வண்டியைக் கண்டு, அதன் வட்ட விளக்குகளில் மயங்கி, வாங்கிக்கொண்டு வந்தாய். பழைய உடம்பில் புது உயிர் என்றாய். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், நான்கு பேருக்கும் சீட் பெல்ட், உள்ளே புது வயரிங், வெளியே அதே பச்சை. நான் அப்போது கேட்ட ஒரே கேள்வி, பிரித்ததை யார் சேர்ப்பது என்பது. வீடியோ பார்த்துச் சேர்த்துவிடலாம் என்று சொன்ன நீ, வீடியோ முடிவதற்குள் விடுமுறை முடிந்து போய்ச் சேர்ந்தாய். கொட்டகையில் எஞ்சின் ஒரு மூலையிலும் கதவுகள் இன்னொரு மூலையிலும் கிடந்தன. சரி, ஒன்று சேராமல் கிடக்கட்டும், துணி போட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உன் அம்மாவை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்காலம் முழுவதும் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, கொதிக்கவைத்து, ஒரு புள்ளி கறை இல்லாமல் அடுக்கித் தந்தவள், ஓய்வுபெற்ற பிறகு கழுவுவதற்கு என் கண்ணாடியைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் இருந்தவள். அவளிடம் நீ ஒரு முழுக் காரின் துருவை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாய்.

அவள் அதை எடுத்துச் செய்த விதத்தைக் கண்ணால் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நட்டும் போல்ட்டும் நீ அனுப்பிய பல் மருத்துவத் தட்டுகளில் அளவு வாரியாக, வெள்ளைத் துணி மூடி, இப்போதே டாக்டர் கையை நீட்டுவார் என்பதுபோல் காத்திருந்தன. கார்புரேட்டரைச் சோடா உப்பில் கொதிக்கவைத்து அது கரிச்சட்டி நிறத்துக்கு வந்தபோது இரண்டு நாள் துக்கம் காத்தாள், பிறகு அதே உப்பு எந்த உலோகத்துக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தானே தேடிப் படித்தாள். பிரேக் குழாயை மாற்றும்போது எண்ணெய் முகத்தில் அடித்ததற்கு அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். கொட்டகையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது; துரு தேய்க்கும் மெஷின் ஓடும்போது பாட்டு நின்று, மெஷின் நின்றதும் அதே வரியிலிருந்து தொடர்ந்தது. அவள் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பல காலம் பார்த்ததில்லை. இதை உனக்குச் சாதகமான உண்மையாகவே பதிவு செய்கிறேன். உனக்குச் சாதகமாக இந்தக் கடிதத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

இனி வருவது நான் கேட்டது. சொன்னவள் உன் அம்மா. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு தகரச் சுவர் இருக்கிறதே, அதில் துரு படர்ந்திருந்தது. எவ்வளவு தூரம் தேய்ப்பது என்று அவள் வீடியோவில் உன்னைக் கேட்டாள். அதற்கு நீ, "சொத்தைப் பல் மாதிரிதாம்மா, கறுப்பா ஒரு புள்ளிகூட விடக்கூடாது, நல்ல பல்லு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சுடணும்" என்றாய். உன் அம்மா, நடுவில் ஏதோ மேடும் பள்ளமுமா கீறின மாதிரி இருக்கே என்று கேட்டதாகச் சொல்கிறாள். நீ, "பழைய கீறலா இருக்கும், அதுக்குள்ளதான் துரு போய் ஒளிஞ்சுக்கும், விடாதீங்க" என்றாய். அவள் விடவில்லை. அவளா விடுவாள். மெஷினால் தேய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, பச்சையும் அடித்தாள். நீ திரையில் கைதட்டி, "சூப்பர்மா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாய். நான் அன்று மாமாவின் கண்ணைக் காட்ட அவரோடு மருத்துவமனையில் இருந்தேன். அந்தக் கீறல் கீறல் இல்லை. அந்த வண்டி செய்யப்பட்ட நாளில் அதன் உடம்பில் அடித்த சேஸ் நம்பர். அந்த எண் இருக்கும்வரைதான் அது இன்னாருடைய இன்ன வண்டி. அது போய்விட்டால், சட்டத்தின் கண்ணில் அது எங்கிருந்தோ வந்த தகரம்.

வண்டி சேர்ந்து, எஞ்சின் உறுமி, மறுபதிவுக்கு நான் விண்ணப்பித்து, ஆய்வாளர் வீட்டுக்கு வந்தபோது நான் கூடவே நின்றேன், ஆகவே இது கண்டது. ஒல்லியான இளைஞர், கையில் டார்ச், சின்னக் கண்ணாடி, பேச்சில் மரியாதை. விளக்கு, ஹாரன், பிரேக், சீட் பெல்ட் எல்லாம் பார்த்தார், தலையாட்டினார். பிறகு பானெட்டைத் திறந்து குனிந்தவர் நிமிரவேயில்லை. டார்ச்சை இப்படியும் அப்படியும் பிடித்தார். உன் அம்மா பெருமை தாங்காமல், "எங்க வேணா தொட்டுப் பாருங்க தம்பி, ஒரு புள்ளி துரு இருக்காது" என்றாள். அவர் நிமிர்ந்து, "அதாம்மா பிரச்சினை, ஒரு புள்ளியும் இல்ல, நம்பரும் இல்ல" என்றார். உன் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் வக்கீல் பாஷையில் ஏதோ தொடங்கினேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ஓனர் என்ன சொல்றாங்கன்னு மொதல்ல எழுதணும், அப்புறம்தான் மத்தவங்க" என்று சொல்லி உன் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை உன் அம்மா உன்னை அழைத்து, நான்தான் தேய்த்தேன் என்று போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். நீ, "வாயத் தொறக்காதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். அவள் நம்பினாள். நானும் நம்பினேன். என் மகள் பார்த்துக்கொள்கிறேன் என்றால் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று பொருள் எடுத்துக்கொண்டோம். வேறு பொருள் உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

எதிர்க்கடை வெல்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊரே 'பொறி' என்று கூப்பிடும் அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன், பின்னால் நான் அவருக்காக வாதாடுவது பாசத்தால் என்று நீ நினைத்துவிடக் கூடாது. காலையில் நான் கோப்பைத் திறக்கும் நேரம் பார்த்து இரும்பை அறுப்பார். ரேடியோவை அறுப்புச் சத்தத்துக்கு மேல் வைப்பார். அவர் வைக்கும் வெல்டிங் புழு ஊர்ந்து போனது போல் இருக்கும், கேட்டால் "பாக்கறதுக்கா சார், பிடிக்கறதுக்கு" என்பார். இந்த வண்டியில் அவர் செய்தது என்ன என்றால், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை ஓட்டையாக இருந்த இடத்தில் புதுத் தகடு வைத்து ஒட்டினார், நீ கேட்ட சீட் பெல்ட்டுகளுக்கு நான்கு கொக்கிப் பட்டைகள் பற்றவைத்தார். இரண்டும் நான் பார்க்க நடந்தவை. எஞ்சின் பக்கம் அவர் கை போகவில்லை. அந்த மனிதரைத்தான் நீ தேர்ந்தெடுத்தாய். ஆய்வாளர் தொலைபேசியில் கேட்டபோது, வெல்டிங் செய்தவர்தான் அந்த இடத்தைத் தேய்த்திருக்க வேண்டும், எனக்கோ என் வீட்டாருக்கோ எதுவும் தெரியாது என்று வாய் கூசாமல் சொன்னாய். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஓனர் சொன்னதாயிற்றே.

அடுத்த வாரம் இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கி, அவருடைய வெல்டிங் மெஷினுக்கும் சிலிண்டருக்கும் முத்திரை வைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டி, விசாரணை முடியும்வரை திறக்கக் கூடாது என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். வாகனத்தின் எண்ணை அழித்துத் தரும் கடையா என்று சந்தேகமாம். பள்ளிக்கூடத்துக்குச் செய்துகொண்டிருந்த இரும்புக் கேட் பாதியில் உள்ளே மாட்டிக்கொண்டது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பெட்டிக்கடைக்காரர், "என்ன பொறி, எங்க வீட்டு நம்பரையும் கொஞ்சம் அழிச்சுக் குடேன், வரி கட்ட வேண்டாம்" என்று சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். பொறி நேராகத் தெருவைக் கடந்து நம் வாசலுக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், சத்தம் போடாதே சத்தம் போடாதேன்னு எத்தனை வாட்டி என்னைத் திட்டியிருப்பீங்க. இப்ப பாருங்க, ஒரு சத்தமும் இல்ல. சந்தோஷமா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன நடந்தது என்று கேட்டேன். "உங்க பொண்ணுதான் சொன்னாங்களாம். பாப்பா வாயில என் பேரு எப்படி சார் வந்துச்சு? அக்காதானே தேய்ச்சாங்க, எனக்கே தெரியுமே, மெஷினுக்கு வட்டு தேஞ்சுபோச்சுன்னு எங்கிட்டதானே வந்து வாங்கிட்டுப் போனாங்க" என்றார். உன் அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  

உடனே உன்னை அழைத்தேன். நீ சொன்னதை வரிவிடாமல் இங்கே வைக்கிறேன், நாளை நீ அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லாதிருக்க. "அப்பா, அம்மாவ ஜெயில்ல போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன்ப்பா. அவருக்கு இதெல்லாம் பழகினதுதானே, ஏதோ அபராதம் கட்டிட்டு வெளிய வந்துடுவாரு. கொஞ்ச நாள் போனா தானா அடங்கிடும்." சட்டம் தெரிந்தவன் வீட்டில் பிறந்தவள் பேசும் பேச்சா இது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. தன் வண்டியை வீட்டில் தானே பழுதுபார்த்த ஒருவர் அறியாமல் எண்ணைத் தேய்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால், அது பிழை. விளக்கம் கேட்பார்கள், வண்டியைச் சோதிப்பார்கள், திட்டுவார்கள், முடிந்தது. உன் அம்மாவுக்குச் சிறைவாசலின் நிழல்கூட விழுந்திருக்காது. ஆனால் இரும்புத் தொழில் செய்யும் ஒருவர் கடையில் வைத்து எண்ணை அழித்தார் என்றால் அது திருட்டு வண்டிக்குத் துணைபோகும் குற்றம். அவர் பட்டறை போகும், உரிமம் போகும், பேர் போகும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குற்றத்தை நீ உண்டாக்கி, அதற்கு ஒரு குற்றவாளியையும் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். பயந்துவிட்டேன் என்கிறாய். பயம் யாருக்கும் வரும். பயந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. பயத்திலும் நிதானமாக யோசித்து, தட்டிக் கேட்க ஆளில்லாதவர் யார் என்று பார்த்து, அவர் தலையில் கட்டியிருக்கிறாய். பெரிய பட்டறைக்காரர் ஒருவர் அந்தத் தகட்டை ஒட்டியிருந்தால் அவர் பேரைச் சொல்லியிருப்பாயா? பதிலை எனக்கு எழுத வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள்.

உன் அம்மா அடுத்த நாளே மாமாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். இது மாமா சொல்லிக் கேட்டது, ஆகவே பத்தில் இரண்டைக் கழித்துக்கொள். மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய அதிகாரியிடம், நான்தான் மெஷினால் தேய்த்தேன் என்றாளாம். அவர் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, எதிர்வீட்டுக்காரர் பாவம்னு காப்பாத்த வந்திருக்கீங்க, நல்ல மனசு. ஆனா இந்த வயசுல நீங்க அந்த மெஷினைத் தூக்கினேன்னு சொன்னா நான் நம்பணுமா?" என்றாராம். இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவருடைய ஜன்னல் கம்பியைக் காட்டி, "இவ்வளவு துருவை வச்சுக்கிட்டு எப்படி சார் உக்காந்திருக்கீங்க, வீட்டுக்குப் போய் மெஷினை எடுத்துட்டு வரேன், இங்கயே தேய்ச்சுக் காட்டறேன்" என்றாளாம். சொன்னபடியே மெஷினைத் துணிப்பையில் போட்டுத் திரும்பிப் போனாள், வாசல் காவலாளி பையைப் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை, மாமா நடுவில் புகுந்து, "அது வெறும் மெஷின்தாங்க, வெடிக்காது" என்று உதவிசெய்யப் போய், கூட்டம் சேர்ந்து, இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெரிய அதிகாரியே வெளியே வந்து, உரிமையாளரின் கூற்று இப்படிப் பதிவாகியிருக்கிறது, அவரே எழுத்து மூலம் மாற்றினால் ஒழிய வேறு யார் சொல்வதும் செல்லாது, பொய் வாக்குமூலம் தருவதும் தவறும்மா என்று அறிவுரை சொல்லி அனுப்பினாராம். உண்மையைச் சொல்லப் போன உன் அம்மா, பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தாள். அதை அவள் என்னிடம் சொன்னபோது மெஷின் பையைக் கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை.

பிறகு அவள் என்னிடம் வந்து நின்றாள். நீங்கள் மதிப்பானவர், நீங்கள் பார்த்ததாக ஒரு பிரமாணம் எழுதிக் கொடுங்கள், நம்புவார்கள் என்றாள். நான் பார்க்கவில்லையே என்றேன். "நடந்தது நிஜம்தானே? பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன?" என்றாள். மாமாவும், "அத்தான், ஊருக்கெல்லாம் சீல் குத்தறீங்க, வீட்டுக்கு ஒண்ணு குத்தக்கூடாதா?" என்றார். மறுத்துவிட்டேன். எண் தேய்க்கப்பட்ட வேளையில் நான் கண் மருத்துவமனையின் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன் என்று எழுதினால் அது பொய், அது எவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டாலும் பொய். உண்மையைக் காப்பாற்ற நான் ஒரு பொய் சொல்வேன் என்றால், அம்மாவைக் காப்பாற்ற நீ சொன்ன பொய்யைக் கண்டிக்க எனக்கு வாய் ஏது? அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவைத்திருக்கிறாள். காபி வருகிறது, டம்ளர் மேசையில் படும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடுகிறது. ஆகக்கூடி, அவள் தேய்த்ததைக் கண்ணால் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான். அது நீ. திரையில் பார்த்தாலும் பார்த்ததுதான். கைதட்டியவளுக்குப் பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

நேற்றைக்கு முன்தினம் நீ அனுப்பிய செய்திதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. "அப்பா, நீங்க வக்கீல்தானே, யார் மேலயும் தப்பு வராத மாதிரி வார்த்தையை அப்படி இப்படி மாத்தி நீங்களே எழுதிடுங்களேன், நான் கையெழுத்துப் போட்டுடறேன்." இதை வாசித்துவிட்டு நான் கொட்டகைக்குப் போய் வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் கத்துவதற்கு வேறு இடமில்லை. நீ சிறுமியாக இருந்தபோது என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டே, கட்சிக்காரர்களிடம் நான் ஒரே வாசகத்தைச் சொல்வதைக் கேட்டிருக்கிறாய், நடந்ததைச் சொல்லுங்கள், எப்படி எழுதுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். அதில் உனக்குப் பின்பாதிதான் காதில் விழுந்திருக்கிறது போலும். எழுத மாட்டேன். ஒரு வரிகூட. நான் எழுதித் தந்தால் அது உன் கையெழுத்துப் போட்ட என் பேச்சாக இருக்கும். நீயே எழுது. உன் நகரத்தில் என்னைப் போல ஒரு சான்றளிப்பவர் இருப்பார், அவர் முன் உட்கார்ந்து, உன் சொந்த வார்த்தையில், முதலில் நான் சொன்னது பொய், அம்மா என் சொல்படி தேய்த்தார், நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன், அது எண் என்று இருவருக்கும் தெரியாது, வெல்டருக்கு இதில் பங்கில்லை என்று எழுதி, அவர் முத்திரையோடு அசலைப் பதிவுத் தபாலில் அந்த அலுவலகத்துக்கு அனுப்பு. பொய்யான தகவல் தந்ததற்கு உனக்கு அபராதம் வரலாம், கண்டனம் வரலாம். வரட்டும். உன் அப்பா பெரிய மனிதர் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் அலுவலகத்திலிருந்து அதன் நகல் எனக்கும் வரும், நினைவிருக்கட்டும்.

வண்டி என்ன ஆகும் என்று நீ கேட்பாய், கேட்காமல் இருக்க மாட்டாய். அந்த இளம் ஆய்வாளர் எனக்கு ஒரு வழி சொன்னார். எண் தேய்ந்தாலும் அடித்த இடத்தில் உலோகம் உள்ளே இறுகியிருக்குமாம். அந்தத் தகரத்துண்டை மட்டும் கவனமாக வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அமிலம் தடவிப் பார்க்கும்போது எண்ணின் சாயல் எழும்பி வரக்கூடுமாம். வரலாம், வராமலும் போகலாம். உன் அம்மாவின் கைவேலை தெரிந்தவன் என்ற முறையில் நான் பெரிதாக நம்பவில்லை. வராவிட்டால் பட்டாணி பழைய வண்டிகளை நசுக்கும் பட்டறைக்குத்தான் போகும். அதை வெட்டுவது யார் என்று பேச்சு வந்தபோது, நகரத்தில் பெரிய பட்டறை ஒன்றைச் சொன்னேன். என்னோடு பேசாத உன் அம்மா சுவரைப் பார்த்து, "பொறி தம்பி கை பட்டாத்தான் அந்த வண்டியில இனிமே மெஷின் படும், இல்லேன்னா அது அப்படியே கிடக்கட்டும்" என்று அறிவித்துவிட்டு, வண்டியின்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு நாலு மூலையும் கட்டிவிட்டாள். கொட்டகையிலிருந்து பாட்டு வந்து நாளாகிறது. அவர் பட்டறையின் பூட்டுத் திறந்தால்தான் வெட்ட முடியும், பூட்டுத் திறக்க உன் தாள் வர வேண்டும். திறந்தாலும் நம் வண்டியைத் தொடுவாரா என்பது அவர் விருப்பம். தொட மாட்டேன் என்று அவர் சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இப்போது காலையில் நான் கோப்பைத் திறந்தால் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. அவர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, யாராவது வேலை கொண்டுவந்தால் கையை விரித்துக் காட்டித் திருப்பி அனுப்புகிறார். ரேடியோகூட உள்ளே மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்டை வேறு ஆளிடம் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், விசாரணை அடுத்த மாத ஆரம்பத்தில், அதற்குள் உன் தாள் வராவிட்டால் அவர் உரிமத்தை ரத்துசெய்ய எழுதுவார்கள் என்று கேள்வி. ஒரு பத்தியைப் படித்து முடிக்க எனக்கு இப்போது முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. அந்த அறுப்புச் சத்தம் எப்போது வரும் எப்போது வரும் என்று காது அங்கேயே கிடக்கிறது. அந்த இழவெடுத்த சத்தத்தை எனக்குத் திருப்பிக் கொடு.

குளிர்காலம் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. நோயாளிகளுக்கு நடுவில் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் பழக்கத்தை விடு, வயிறு ஒத்திவைப்பு கொடுக்காது. புது ஊசி மருந்து ஏதோ சோதித்துப் பார்ப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம், அடுத்தவர் வாயில் வைக்கும் எதையும் முதலில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வை. உடம்பு நன்றாக இருக்கட்டும், கை நடுங்காமல் இருக்கட்டும், யார் முன்னாலும் நீ தலை நிமிர்ந்து உட்காரும்படி இருக்கட்டும். நான் உன்னை வாழ்த்துவதற்கு வேறு வார்த்தை இப்போது வரவில்லை. கடைசியாக ஒரு நினைவூட்டல்: நகல் அனுப்பாதே, அசலை அனுப்பு. பொறிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதை எனக்கு அனுப்ப வேண்டாம், நான் வாசிக்க மாட்டேன், அவர் பெயருக்கே அனுப்பு. அவருடைய உண்மையான பெயர் உனக்குத் தெரியாவிட்டால் அம்மாவைக் கேள். பழியைப் போடும்போது நீ அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவில்லை.

மேற்கண்டவற்றை எழுதி, வாசித்து, ஒப்புக்கொண்டு கையெழுத்திடுபவன்,
கோபம் தீராத, உன் அப்பா

சாட்சிகள்:

முதல் சாட்சி, உன் அம்மா. (அவள் கைப்பட எழுதியது:) "இவர் எழுதினதை முழுசாப் படிச்சேன். நான் சத்தமா பாத்திரம் வைக்கல. என்னைக் காப்பாத்தறேன்னு என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட. நான் தேய்ச்சதை நான் தேய்ச்சேன்னு சொல்லு. சீக்கிரம்."

இரண்டாம் சாட்சி, உன் மாமா, 'அவசரம்' என்று அறியப்பட்டவர். ஒரு கண்ணால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். மீதிக்கும் சேர்த்துக் கையெழுத்திடுகிறேன் என்றார். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ஏற்கப்பட்டது.

மூன்றாம் சாட்சி, எதிர்க்கடை வெல்டர். ஸ்டூலுக்கு அருகில் நின்று கடிதம் முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எனக்குப் பிடிக்காதவர் என்று நான் எழுதிய இடத்தில் சிரித்தார். பேனாவை நீட்டியபோது வாங்கவில்லை. "மொதல்ல பாப்பா எழுதட்டும் சார், அப்புறம் போடறேன்" என்றார். அவருக்கான இடம் கீழே காலியாக விடப்பட்டிருக்கிறது.

.......................................